முதல் ஈ.பி.யை (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு தொகுப்பை) நான்கு டிராக் கேசட்டில் பதிவது எப்படி?

புதிதாகத் தொடங்கிய சைகடெலிக் இண்டி ராக் குழு நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் (ஒரே நாடாவில் நான்கு தனித்தனித் தடங்களில் பதியும் கருவியில்) பதியும்போது, எந்த முடிவையும் மிக்சிங் (எல்லா டிராக்கையும் கலந்து இறுதி வடிவம் தருவது) வரை தள்ளிப்போட முடியாது. எக்கோ, ரிவர்ப், டிஸ்டார்ஷன் எல்லாம் வாசிக்கும்போதே நாடாவில் ஏறிவிட வேண்டும். இந்த நெருக்கடிதான் இளம் குழுவுக்கென்று ஒரு ஓசையைத் தேடித் தரும்.

புதிய டைப் 2 (குரோம் வகை நாடா), சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) கேசட் வாங்குங்கள். சி-90இன் நாடா மெல்லியது. முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி இழுபட்டால் சுருதி தள்ளாடும். இந்தக் கருவி நான்கு டிராக்கையும் ஒரே திசையில் எழுதுவதால், சி-60இல் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் 30 நிமிடமும், 9.5 செ.மீ. வேகத்தில் 15 நிமிடமும்தான் கிடைக்கும். இரண்டு வேகமும் இருந்தால் அதிக வேகமே நல்லது: இரைச்சல் குறையும், சிம்பல் தெளிவாக விழும். பாட்டுக்கு ஒரு கேசட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டை (நாடா உரசிச் செல்லும் தலையை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழை நடுவில் நிறுத்தி, முதல் 30 விநாடியை வெறுமையாக விட்டுத் தொடங்குங்கள்.

டிராக் 1இல் டிரம்ஸ், 2இல் பேஸ், 3இல் ரிதம் கிட்டார். மூன்றையும் 4க்கு பவுன்ஸ் செய்யும்போதே, அதாவது கலந்து ஒரே டிராக்காக மாற்றிப் பதியும்போதே, ஒருவர் கீபோர்டை நேரடியாக வாசித்துச் சேர்க்கலாம். இப்போது 1, 2, 3 காலி. அடுத்து 1, 2இல் பதிந்து, இன்னொரு நேரடி வாசிப்போடு 3க்கு, பிறகு 1இல் பதிந்ததை மற்றொன்றோடு 2க்கு, கடைசியாக 1. ஆக 4+3+2+1, பத்து பாகம். ஒவ்வொரு பவுன்ஸிலும் உச்ச ஒலிகள் மங்கும், இரைச்சல் கூடும். அதனால் டிரம்ஸின் டிரெபிளை முன்கூட்டியே 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் பக்கத்து டிராக்குக்குக் கசிந்து கீச்சிடும். பவுன்ஸ் ஆனபின் டிரம்ஸையும் பேஸையும் பிரிக்க வழியே இல்லை. மூலத்தை அழிக்குமுன் 4ஐ மட்டும் முழுதாகக் கேளுங்கள். முதன்மைக் குரல் கடைசி டிராக்கில் தனியாகவே இருக்கட்டும்.

தலைகீழ் கிட்டார்தான், அதாவது பின்னிருந்து முன்னாக ஒலிக்கும் கிட்டார்தான், பலருக்கும் சறுக்கும் இடம். கேசட்டைத் திருப்பிப் போட்டால் டிராக் 1 நான்காகவும், 2 மூன்றாகவும் மாறும். கிட்டார் 3இல் விழ வேண்டுமானால், திருப்பிய நிலையில் 2இல் பதிய வேண்டும். 4இல் டிரம்ஸ் இருக்கும்போது, திருப்பிய பிறகு 1இன் ரெக்கார்ட் பொத்தானைத் தொட்டால் டிரம்ஸ் போய்விடும், மீட்க முடியாது. டிராக் தாளில் இரு பக்க எண்களையும் எழுதி, கருவியின் மேல் ஒட்டுங்கள். பாட்டு இப்போது முடிவிலிருந்து ஓடும், ஆகவே டிரம்ஸ் பதியும் நாளிலேயே கடைசி அடிக்குப் பிறகும் நான்கு குச்சித் தட்டல் பதிந்துவையுங்கள். கார்டுகளையும் (கிட்டாரில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளையும்) பின்னிருந்து முன்னாக எழுதிக்கொள்ளுங்கள்.

பாடும் குரலின் சுருதியை அரை ஸ்வரம் உயர்த்த, சுமார் 6 சதவீதம் மெதுவாக ஓடும் நாடாவில் பாடி, பிறகு இயல்பு வேகத்தில் ஓட்டினால் போதும். குரல் சற்றே சிறியதாக, வேறு உலகத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். குமிழை நடுவுக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த வாத்தியம் எதுவும் சுருதி சேராது.

டிலேக்கு (எக்கோ எவ்வளவு தாமதித்து ஒலிக்க வேண்டும் என்பதற்கு) 60,000ஐ டெம்போவால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணால், வகுங்கள். 100 என்றால் 600 மில்லிசெகண்ட் ஒரு துடிப்பு, 300 அரைத் துடிப்பு. ஃபீட்பேக் குமிழை ஏற்றிக்கொண்டே போனால் எக்கோ தானாகப் பெருகி ஊளையிடும்; பாட்டின் உச்சத்துக்கு அது அருமையான ஓசை. அப்போது ஒரு கை ஒலியளவைக் குறைக்கும் ஃபேடரிலேயே இருக்கட்டும்.

மிக்ஸ் முடிந்ததும் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு காப்புத் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் உடைத்தால், மறுபக்கம் திருப்பிப் போட்டு நான்கு டிராக்கையும் இன்னும் அழிக்கலாம்.