மார்ஜின் பார்க்காமல் வேகத்தை ஏற்றாதீர்கள்: புது டிஎஸ்எல் லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தொலைபேசி வயரிங் வேலைக்குப் போகிறேன். கண்ணாடி இழை இன்னும் எட்டாத சந்துகளிலும், புதிதாகத் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீடுகளிலும் செம்புக் கம்பி வழியாகத்தான் இணையம் வருகிறது. தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் தரும் இந்த முறைக்கு டிஎஸ்எல் என்று பெயர். அங்கே புதிதாக டிஎஸ்எல் எடுத்தவர்கள் அடுத்தடுத்து ஒரே மாதிரித் தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். தொழில் பழகிய நாட்களில் நானும் செய்தவைதான் அவை. மோடத்துக்கு மின்சாரம் இருக்கிறதா, பில் கட்டியாயிற்றா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பணத்தையும் நிம்மதியையும் தின்னும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மெகாபிட்டை மெகாபைட்டாக வாசிப்பது

8 மெகாபிட் லைனில் ஒரு கோப்பை இறக்கினால் நொடிக்கு 8 மெகாபைட் வராது. எட்டால் வகுக்க வேண்டும். டிஎஸ்எல்லின் பழைய வகையான ஏடிஎஸ்எல் லைனில் தரவு 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது. அதில் 5 பைட் முகவரிக்கே போய்விடும். அதற்கு மேல் உள்நுழைவு, இணைய நெறிமுறை ஆகியவற்றின் தலைப்புத் தகவல்களும் உண்டு. ஆகவே மோடம் 8 மெகாபிட் என்று காட்டும்போது கோப்பு நொடிக்கு 850 கிலோபைட் அளவில் இறங்கினால் லைன் சரியாகவே வேலை செய்கிறது. அதைவிட வேகமான வகையான விடிஎஸ்எல் லைனில் இந்தக் கழிவு குறைவு.

மார்ஜினைப் பார்க்காமல் பிளானை ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலாவியில் மோடத்தின் முகவரியைத் தட்டுங்கள், பெரும்பாலும் 192.168.1.1. டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேகத்துக்குக் கீழே இரண்டு எண்கள் டெசிபலில் இருக்கும். ஒன்று அட்டென்யுவேஷன்: எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பிய சிக்னல் உங்கள் வீடு வந்து சேர்வதற்குள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. கம்பி நீள நீள இது கூடும். 30-க்குக் கீழே இருந்தால் கொடுத்து வைத்தவர். 50-ஐத் தாண்டினால் அதிக வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். "எக்ஸ்சேஞ்ச் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது" என்று பலர் வாதாடுவார்கள். நம் பகுதியை ரயில் பாதைகளும் பக்கிங்காம் கால்வாயும் குறுக்கே அறுத்துப் போகின்றன. கேபிள் அவற்றைக் கடக்க முடிகிற இடம் வரை சுற்றிக்கொண்டுதான் வரும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள்.

இன்னொன்று எஸ்என்ஆர் மார்ஜின்: இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி. மழைநீர் நிற்கும் தெருக்களில் வாசற்படியை உயர்த்திக் கட்டுகிறோம். நீர்மட்டத்துக்கும் படிக்கும் நடுவே மிச்சமிருக்கும் உயரம்தான் மார்ஜின். நீர்மட்டம் என்பது லைனில் இருக்கும் இரைச்சல். அது ஏறிப் படியைத் தொட்டால் இணைப்பு அறுந்துவிடும், மோடம் மறுபடி முதலிலிருந்து கைகுலுக்க வேண்டும்.

பலருக்குப் பிடிபடாத இடம் இதுதான்: வேகமும் மார்ஜினும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன. ஏடிஎஸ்எல்லின் மேம்பட்ட வகையான ஏடிஎஸ்எல்2+, 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 512 சிறு தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடத்திலும் கூடுதலாக ஒரு பிட் ஏற்றச் சுமார் 3 டெசிபல் தேவை. பிளான் குறைந்த வேகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தால் செலவாகாத வலிமை முழுவதும் மார்ஜினாக நிற்கும். பிளானை ஏற்றினால் மோடம் அந்த மிச்சத்தை எடுத்து வேகமாக மாற்றிவிடும். பொதுவாக 6 டெசிபல் மட்டும் பாக்கி வைக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர். கடைக்கு 4 மெகாபிட் லைன். அட்டென்யுவேஷன் 46, மார்ஜின் 13. ஒரு நாளும் அறுந்ததில்லை. ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர் "இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இரட்டை வேகம்" என்று சொல்லி 8 மெகாபிட்டுக்கு மாற்றிவிட்டார். அந்த லைனின் எண்களை அப்படிப் பேசியவர் பார்க்கவே இல்லை. பகலில் எல்லாம் நன்றாக இருந்தது. விளக்கு வைத்த பிறகு இணைப்பு விட்டு விட்டு வந்தது. சரக்கு பில் பாதியில் நின்றது, வங்கிப் பரிமாற்றம் நடுவில் அறுந்தது. பெரியவர் புது மோடம் வாங்கினார். அதுவும் அறுந்தது. அதைவிட விலை கூடிய இன்னொன்று வாங்கினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று வைஃபை ரிப்பீட்டர். எல்லாவற்றுக்கும் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

மாலையில் போய்ப் பார்த்தேன். மார்ஜின் 6-இலிருந்து 2-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. மோடத்தின் மேல் பழி போட ஒன்றுமே இல்லை.

மாலையில் ஏன் இப்படி ஆகிறது? மத்திய அலை வானொலி 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. நம் டிஎஸ்எல் சிக்னலும் அதே பட்டையில்தான் வருகிறது. 720 கிலோஹெர்ட்ஸில் வரும் அகில இந்திய வானொலியின் சென்னை ஏ அலைவரிசை அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. சூரியன் மறைந்தபின் தொலைதூர நிலையங்களின் அலைகளும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து சேரும்; நீண்ட செம்புக் கம்பி அவற்றை ஆன்டெனாவைப் போல வாங்கிக்கொள்ளும். அதே கேபிளில் அக்கம்பக்கத்து லைன்கள் உயிர்பெறுவதால் வரும் கசிவு ஒரு பக்கம், மட்டமான சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் இன்னொரு பக்கம். பகலில் 13 இருந்தபோது மாலையில் நாலைந்து டெசிபல் போனாலும் கவலையில்லை. 6-இலிருந்து நாலைந்து போனால் என்ன மிஞ்சும்?

"பழைய பிளானுக்கே திரும்பிவிடுங்கள் ஐயா" என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. "வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறாயா தம்பி?" என்றார். பில் போடவும் வங்கி வேலைக்கும் 4 மெகாபிட் தாராளம். 2023-இல் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தியபோதுகூட அரசு வைத்த எல்லை 2 மெகாபிட்தான். கடைசியில் மாற்றிக்கொண்டார். லைன் அடங்கியது. வாங்கிய மோடங்களுக்கான பணம் போனது போனதுதான்.

ஆகவே பிளானை ஏற்றும் முன் பகலிலும் இரவிலுமாக மார்ஜினைக் குறித்து வையுங்கள். இரவில் 10-க்கு மேல் நின்றால் தைரியமாக ஒரு படி ஏறலாம். 6-ஐ ஒட்டி இருந்தால் யார் பேசினாலும் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். முதலில் லைனைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். அதற்கான இடங்கள் கீழே.

ஸ்பிளிட்டர் இல்லாமல் இன்னொரு போன்

மாடிக்கு ஒரு போன், கூடத்துக்கு ஒரு போன் என்று இணையாக இழுத்த வயர்கள் இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் நிறைய. குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டியான ஸ்பிளிட்டர் அல்லது ஃபில்டர் வழியாக வராத ஒரே ஒரு போன் போதும், மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்துபோக. போனைக் கழற்றிய பிறகும் சுவரில் தொங்கும் வெற்று வயரைப் பலர் கவனிப்பதே இல்லை. அதன் முனைக்குப் போன சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து சில தடங்களை அழித்துவிடும். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் சிறு வயரால் நேராக மாட்டி எண்களைப் பாருங்கள். மார்ஜின் சட்டென்று ஏறினால் கோளாறு வீட்டுக்குள்.

கடற்காற்றை மறப்பது

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்ட் கடல் உப்பில் நீண்ட நாள் தாங்காது. பச்சை பூக்கும், மின்தடை ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டி.பி. பெட்டிக்குள் (தெருவில் வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) தண்ணீர் இறங்கினால் இன்னும் மோசம். ஜெல் நிரப்பிய கனெக்டரைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

சோதிக்கும் வழி எளிது. போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினால் டயல் ஒலி நின்று அமைதியாகும். அந்த அமைதியில் கரகரப்புக் கேட்டால் எங்கோ ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. இரண்டு கம்பிகளில் ஒன்று முழுதாக அறுந்திருந்தாலும் டிஎஸ்எல் சில சமயம் தட்டுத் தடுமாறி ஓடும். போன் செத்திருக்கும், இணையம் நத்தை வேகத்தில் வரும், அட்டென்யுவேஷன் திடீரென்று ஏறியிருக்கும். "இணையம் வருகிறதே, லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அப்போது யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வைஃபையில் வேகம் அளப்பது

வேண்டாம். கணினியை மோடத்தோடு கேபிளில் இணைத்து அளந்து பாருங்கள்.

பிழைக் கணக்கைப் பார்க்காமல் விடுவது

அதே பக்கத்தில் சிஆர்சி என்று ஒரு எண் இருக்கும். லைனில் சிதைந்து வந்த, சரிசெய்ய முடியாமல்போன கட்டங்களின் எண்ணிக்கை அது. எப்போதாவது ஏறினால் பரவாயில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஆரம்பித்த உடனே மளமளவென்று ஏறினால் காரணம் அங்கே இருக்கிறது. சின்ன வானொலி ஒன்றை மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த சார்ஜர் அருகில் இரைச்சல் கூடுகிறதோ அதை மாற்றுங்கள். பட்டறையை நிறுத்த முடியாதுதான். அப்போது இணைப்புத் தரும் நிறுவனத்திடம் இன்டர்லீவிங் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தரவைக் கலைத்து அடுக்கி அனுப்புவதால் திடீர் இரைச்சலின் சேதம் சிதறிப்போய்த் திருத்தக்கூடிய அளவுக்குள் வரும். பதில் வரும் நேரம் சில மில்லிநொடிகள் கூடும். விளையாடும் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மோடத்தை அடிக்கடி அணைத்துப் போடுவது

எக்ஸ்சேஞ்ச் பக்கம் தானியங்கி மேலாண்மை இருந்தால், திரும்பத் திரும்ப அறுவதை லைனின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். புது லைனை முதல் சில நாட்கள் தொடாமல் விடுங்கள்.

இடி இடிக்கும்போது லைனை மாட்டியே வைப்பது

கழற்றுங்கள்.

"வேகம் குறைவு" என்று மட்டும் புகார் எழுதுவது

அப்படி எழுதினால் "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். முதல் பெட்டியில் அளந்த அட்டென்யுவேஷன், பகல் மார்ஜின், இரவு மார்ஜின், ஒரு மணி நேரத்தில் ஏறிய சிஆர்சி எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதுங்கள். போனில் கரகரப்பு இருந்தால் அதைக் குரல் கோளாறு என்று தனிப் புகாராகப் பதியுங்கள். டி.பி. பெட்டியையும் கம்பத்து ஜாயிண்டையும் லைன்மேன் திறந்து பார்க்க அந்தப் புகாரே போதும். அவர் கிளம்புவதற்கு முன் மோடம் பக்கத்தைத் திறந்து, மார்ஜின் ஏறியிருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.