பரணில் தேங்கிய பெட்டிகளையும் உறைகளையும் ஒழிப்பது எப்படி?

சென்னை வியாசர்பாடியில் நாங்கள் குடியிருப்பது இரண்டே அறைகள் கொண்ட வீடு. சென்ற ஐப்பசி மழையில் சுவர் ஊறியபோது பரணில் இருந்தவற்றை இறக்கினோம். பெரும்பகுதி பொருள்களே அல்ல, பொருள்கள் வந்த பெட்டிகள்தாம். மிக்ஸிப் பெட்டிக்குள் குக்கர் பெட்டி, அதற்குள் கைப்பேசிப் பெட்டி, எல்லாவற்றுக்குள்ளும் காற்றடைத்த உறைகள். அவற்றை ஒழித்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: உத்தரவாதக் காலம் முடியாத பொருளின் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அதைப் படம் எடுத்து வைப்பது அவசியம்.

இரண்டாம் படி: அட்டைப்பெட்டிகளின் டேப்பையும், முகவரி ஒட்டிய தாளையும் உரித்துவிட்டு, தட்டையாக மடித்துச் சணலால் கட்டுங்கள். டேப்பை அறுக்க கட்டரைவிடப் பழைய சாவியே நல்லது. கட்டர் ஆழமாக இறங்கி, உள்ளே இருக்கும் துணியையும் கிழித்துவிடும். நனைந்த அட்டையைக் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி உறைகளைப் பிரிப்பது. நான் தடுமாறியது இங்கேதான். எல்லா உறைகளையும் ஒரே கோணியில் திணித்து எடுத்துச் சென்றேன்; கடைக்காரர் மூட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். பால் உறைகள் புளித்துப்போயிருந்தன. அவற்றோடு சிப்ஸ் உறைகளும் கலந்திருந்தன. அதன்பின் கற்றுக்கொண்ட வழி இது. உறையை இரு கைகளாலும் பிடித்து இழுங்கள். நீண்டுகொடுத்தால் அது பாலிதீன், மறுபடி உருக்கலாம். நீளாமல் மொறமொறவென்று ஒலித்து, உட்புறம் வெள்ளிபோல மின்னினால், அதில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. பிரிக்க முடியாத அந்த அடுக்குகளால்தான் கடையில் அதை வாங்குவதில்லை. மருந்து அட்டையும் அப்படித்தான். இவற்றை மாநகராட்சியின் வண்டியில் மக்காத குப்பையாகத் தனியே கொடுங்கள்.

பால் உறையின் மூலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சிறு முக்கோணத் துண்டைப் பிறகு எவராலும் பொறுக்கி எடுக்க முடியாது. பாதி மட்டும் வெட்டிப் பாலை ஊற்றி, பின்பு உறையை முழுதாக விரித்துக் கழுவி, ஈரத்தோடு சமையலறைச் சுவரின் டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். காய்ந்ததும் தானே உரிந்து விழும். எங்கள் தெருக் கடையில் காய்ந்த பால் உறைக்குத் தனி விலை உண்டு.

நான்காம் படி, புதிதாக வருவதைக் குறைப்பது. மீன் வாங்கக் காசிமேட்டுக்கு மூடியுள்ள பாத்திரமும், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு மஞ்சள் பையும் கொண்டுசெல்கிறோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு சிறிய சார்ஜர் வயர், முழங்கை நீளப் பெட்டியில் நான்கு காற்றுறைகளோடு வந்து சேர்ந்ததைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இணையத்தில் வாங்குவதை இப்போது மாதம் ஒருமுறை சேர்த்தே வாங்குகிறோம். பெட்டிகளின் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது.

பின்சேர்க்கை: தெர்மாகோலை என்ன செய்வது என்று வாசகர்கள் பலர் கேட்டார்கள். அதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றே. எடைக்கு வாங்கும் கடையில் அதனால்தான் விலை போவதில்லை. போகி அன்று எரிக்க வேண்டாம், அந்தப் புகை குழந்தைகளின் மூச்சுக்குக் கேடு. பிரிட்ஜ், டிவி வாங்கும்போது, பொருத்த வரும் ஊழியரிடமே தெர்மாகோலைத் திருப்பி எடுத்துச் செல்லும்படி கேட்டால் சில கடைகள் இணங்குகின்றன. அதுவும் இயலாவிட்டால் உடைக்காமல் முழுதாகச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். உடைத்தால் சிதறும் மணிகள் காற்றில் பறந்து கேப்டன் காட்டன் கால்வாயில் விழுகின்றன. மழைக்காலத்தில் அந்தக் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறுவது எங்கள் தெருவில்தான்.