அமெரிக்காவில் ரெசிடென்சி: ஜே-1 விசாவா, எச்-1பி விசாவா?

வேறு நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி) செய்ய நினைப்பவர்கள் பலர், விசாவைப் பற்றி இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். பயிற்சி முடிந்த பின் எங்கே வேலை பார்க்க முடியும் என்பதை விசாதான் தீர்மானிக்கும். ஜே-1 என்பது பரிமாற்றத் திட்ட விசா; எச்-1பி என்பது சிறப்புத் திறன் வேலைக்கான விசா.

முதல் படி: இசிஎஃப்எம்ஜி சான்றிதழ்

வெளிநாட்டில் படித்த மருத்துவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பு இசிஎஃப்எம்ஜி. அதன் சான்றிதழைப் பெற, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ-யின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே இரண்டிலும் தேறி, ஓஇடி ஆங்கிலத் தேர்வு உள்ளிட்ட மற்றத் தகுதிகளையும் முடிக்க வேண்டும். எந்த விசாவாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: மருத்துவமனைகளிடம் கேளுங்கள்

பல பயிற்சி மையங்கள் ஜே-1 மட்டுமே ஏற்கின்றன. அவற்றின் இணையதளத்தில் தெளிவாக இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். "எச்-1பி தருகிறீர்களா? தருவதானால் ஸ்டெப் 3 முடிவு எந்தத் தேதிக்குள் வேண்டும்?" இவ்வளவு போதும். (ஸ்டெப் 3 என்பது யுஎஸ்எம்எல்இ-யின் கடைசித் தேர்வு.) விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஜே-1 விசாவை அறியுங்கள்

இதற்கு ஸ்டெப் 3 தேவையில்லை. இதற்கு ஸ்பான்சராக இருப்பது மருத்துவமனை அல்ல, இசிஎஃப்எம்ஜி. ஜே-1 தகுதியைக் காட்ட அது தரும் டிஎஸ்-2019 படிவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் கடிதமும் வேண்டும். அரசு அலுவலகத்துக் காரியம் என்பதால் சீக்கிரமே விசாரித்து வையுங்கள். ஜே-2 விசாவில் வரும் கணவரோ மனைவியோ வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்கு வெளியே கூடுதல் பணி பார்த்துச் சம்பாதிக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

கவனமாகப் படிக்க வேண்டியது இரண்டாண்டு விதி. பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும். அதுவரை எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது. இதிலிருந்து விலக்குப் பெறப் பெரும்பாலோர் நாடுவது கான்ராட் 30 திட்டம். ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 மருத்துவர்களுக்கு விலக்குப் பரிந்துரைக்கலாம். பதிலுக்கு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில், அல்லது அப்பகுதி மக்களுக்கு, மூன்று ஆண்டுகள் முழுநேரமாகப் பணியாற்ற வேண்டும். இதைத் தண்டனையாக நினைக்க வேண்டியதில்லை. மருத்துவருக்காக ஏங்கும் ஊர்களுக்கு இத்திட்டத்தால்தான் மருத்துவர் கிடைக்கிறார். ஆனால் குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

நான்காம் படி: எச்-1பி உங்களுக்குப் பொருந்துமா?

இதில் இரண்டாண்டு விதி இல்லை. ஆனால் ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும், பொதுவான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். பொது மருத்துவம் மூன்று ஆண்டுகள், அதன் மேல் இதயவியல் மூன்று ஆண்டுகள் என்றால் ஆறும் பயிற்சியிலேயே தீர்ந்துவிடும். 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணமும் விதித்தது. ஆகவே முன்பு எச்-1பி தந்த மருத்துவமனை இப்போதும் தரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: நாள்காட்டி

யாருக்கு எந்த மருத்துவமனையில் இடம் என்பதைச் சொல்லும் மேட்ச் முடிவு மார்ச் மாதம் வரும். பயிற்சி பெரும்பாலும் ஜூலை 1 அன்று தொடங்கும். படிவம், தூதரக நேர்காணல், பயணம் எல்லாவற்றுக்கும் மூன்றரை மாதம்தான். பாஸ்போர்ட் காலாவதி தேதியை மேட்ச் முடிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் அப்போதே விண்ணப்பித்துவிடலாம்.