அயோடின் எண் ஏறினால் போதுமா?

நிலக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் (ஃபில்டரில் அழுக்கைப் பிடிக்கும், நுண்ணிய துளைகள் நிறைந்த கரி) செய்யும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் யோசனை இது: “இன்னும் ரெண்டு மணி நேரம் உலையில விடுங்க, அயோடின் எண் ஏறிடும்.” ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதுதான் அயோடின் எண். ஏறும்தான். ஆனால் எதைக் கொடுத்து?

800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி கார்பனை அரிக்கிறது. முதலில் தார் அடைத்த துளைகள் திறக்கின்றன. 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகள் பெருகுகின்றன. விடாமல் போனால் துளைகளுக்கு நடுவிலுள்ள சுவரே கரைந்து, பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒன்றாகிவிடும். தோராயமாகப் பாதி எடை போன பிறகு இந்தப் போக்கு வலுக்கிறது. குருணையை விரலால் நசுக்கினால் மாவாக உதிரும்.

கணக்கும் உதைக்கும். ஃபில்டரில் கரியைக் கிலோவில் அல்ல, கொள்ளளவில் நிரப்புகிறோம். லிட்டருக்கு 500 கிராம் எடையும் அயோடின் எண் 1000-மும் உள்ள கரி, லிட்டருக்கு 500 கிராம் அயோடினைப் பிடிக்கும். எண்ணை 1150-க்கு ஏற்றி எடை 400 கிராமாக இறங்கிவிட்டால், பிடிப்பது 460 கிராம்தான். அதனால் எண்ணோடு அளவு உருளையில் எடையையும் பார்க்காமல் சரக்கை இறக்காதீர்கள்.

நேரம் மிச்சமாகட்டும் என்று சூட்டை ஏற்றுவது அடுத்த தவறு. வினை வேகமாகிவிட்டால் நீராவி குருணையின் உள்ளே நுழையுமுன்னே வெளித்தோலிலேயே தீர்ந்துபோகும். குருணை சிறுக்கும், உள்ளே துளை விழாது. உலையில் காற்று கசிந்தாலும் கதை இதேதான். ஆக்சிஜன் அவ்வளவு வேகம்.

இளகி ஒட்டும் பிட்டுமினஸ் வகை நிலக்கரியை நேரடியாகச் சூடேற்றினால் அது உருகி உப்பி, இருக்கும் வழிகளையும் மூடிவிடும். முன்கூட்டியே குறைந்த சூட்டில் காற்றுபடும்படி ஆக்சிஜனேற்றம் செய்துகொள்ள வேண்டும். ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரிக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, பெரிய துளை என்றால் கெட்ட கரியா? அப்படியும் இல்லை. அயோடின் மூலக்கூறு சிறியது. நுண்துளைக்குள் எளிதாகப் புகும். சாய மூலக்கூறுகள் பருமனானவை, அவற்றுக்கு 2 நானோமீட்டரைத் தாண்டிய இடைத்துளைகள் வேண்டும். லிக்னைட்டிலிருந்து (பழுப்பு நிலக்கரி) செய்த கரியில் இவை தாராளம். சாயக் கழிவுநீருக்குக் கரி வாங்குபவர் அயோடின் எண்ணை விட்டுவிட்டு, பருமனான மூலக்கூறுகளைக் கரி எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும் மெத்திலீன் ப்ளூ (ஒரு நீலச் சாயம்) எண்ணையும் மொலாசஸ் (வெல்லப்பாகு) எண்ணையும் கேட்கட்டும்.