வீட்டுக்கல்வியும் குடும்ப ஜெபமும்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்கலாம்

"அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே... டேய், காலை மடக்கு... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே... அந்தப் பென்சிலைக் கீழே வை..."

எங்கள் வீட்டில் மூன்று வருடம் ஜெபமாலை இப்படித்தான் நடந்தது. ஒரு நாள் சின்னவன் தன் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து ஜெபமாலை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். கதவோரம் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு 'அருள் நிறைந்த' சொன்னதும் கரடிக்குட்டியைப் பார்த்து "காலை மடக்கு" என்று ஓர் அதட்டல். மறுபடி இரண்டு, மறுபடி அதட்டல். அதில் கோபம் எதுவும் இல்லை. அவனைப் பொறுத்தவரை அதுவும் மந்திரத்தில் ஒரு வரி.

திருச்சியில் இருக்கிறோம். மூன்று பிள்ளைகள். பெரியவளை மூன்றாம் வகுப்பில் பள்ளியிலிருந்து நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. கத்தோலிக்கக் குடும்பங்களில் வீட்டுக்கல்வியைப் பற்றி யோசிக்கிறவர்கள் இப்போது எங்களிடம் வந்து என்ன புத்தகம், என்ன நேரம் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதைச் செய்யக்கூடாது என்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜெபத்தை ஒரு பாடவேளை ஆக்குவது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு டீச்சர் முகம் வேறு, அம்மா முகம் வேறு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே முகம். காலையில் வகுத்தல் கணக்குக்காகக் கத்திய அதே வாய் சாயங்காலம் "சிலுவை அடையாளம் போடு" என்கிறது. பிள்ளையின் காதில் இரண்டும் ஒரே சத்தமாகத்தான் விழும். போதாக்குறைக்கு நான் தண்டனையிலும் வேதாகமத்தைக் கொண்டுவந்து வைத்தேன். பெரியவள் ஒரு முறை பொய் சொன்னதற்காக 23-ஆம் திருப்பாடலை இருபது தடவை எழுதச் சொன்னேன். ஒரே கல்லில் எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று, வேதமும் ஆயிற்று என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. சில மாதம் கழித்து ஓர் இறப்பு வீட்டில் அதே திருப்பாடலைப் பாடினார்கள். 'ஆண்டவரே என் ஆயர்' என்று தொடங்கியதும் இவள் என் காதில், "அம்மா, இது இம்போசிஷன் பாட்டுதானே?" என்றாள். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு சிலவற்றை மாற்றினோம். கோயிலில் சாயங்கால மூவேளை ஜெபத்துக்கு மணியடித்தால் எங்கள் வீட்டில் பாடப் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் தப்புக் கணக்கு, பாக்கி வீட்டுப்பாடம் எதுவும் வாயில் வரக்கூடாது. வார நாளில் ஜெபமாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் சொல்வோம், சனிக்கிழமையும் அக்டோபர் மாதமும் 53 மணிகளும். ஜெபமாலை நல்ல பழக்கம்தான், ஆனால் ஞாயிறு திருப்பலியைப் போலக் கட்டாயக் கடமை கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் முழங்காலில் நிறுத்தி வைக்கும்படி திருச்சபை யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்குத் தியானிக்கும் மறைபொருளை, அதாவது இயேசு, மரியாவின் வாழ்வு நிகழ்ச்சிகளை, பிள்ளைகளே அறிவிப்பார்கள். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழக்கிழமைக்கான ஒளியின் மறைபொருள்கள் 2002-இல்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை. அதனால் எங்கள் பாட்டிக்கு அவை இன்னும் 'புதுசு'. வியாழன் வந்தால் பாட்டியைத் திருத்துவதில் சின்னவனுக்கு அலாதி சந்தோஷம். ஜெப நேரத்தில் யாராவது சேட்டை செய்தால் கண்டிப்பது அவர்கள் அப்பாவின் வேலை, நான் வாய் திறப்பதில்லை. முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது பழகிவிட்டது.

அடுத்தது, வீட்டையே பள்ளிக்கூடமாக்கும் ஆசை. கரும்பலகை வாங்கினோம், கால அட்டவணை ஒட்டினோம், ஒன்பதிலிருந்து நான்கு வரை வகுப்பு. நான் ஒரு கைமணிகூட வைத்திருந்தேன், சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவரை எதிரே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் தொடக்க வகுப்புப் பாடம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தை நிரப்புவதற்காக நானே பாடம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் கைமணி பரணுக்குப் போயிற்று.

பங்குக்கோயில் விஷயத்தில் செய்த தவறு இதைவிடக் கனமானது. பள்ளியிலிருந்து நிறுத்தியதோடு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலிருந்தும் பிள்ளைகளை நிறுத்திவிட்டோம். அங்கே வகுப்பில் ஒரே சத்தம், பாதி நேரம் வருகைப்பதிவிலேயே போகிறது, வீட்டில் இதைவிட நன்றாகச் சொல்லித்தரலாம் என்று நினைத்தோம். சொல்லியும் கொடுத்தோம். பெரியவள் பத்துக் கட்டளைகளையும் ஏழு அருளடையாளங்களையும் தலைகீழாக ஒப்பிப்பாள். புதுநன்மைக்கு, அதாவது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, ஒரு மாதம் இருக்கும்போது பங்குத்தந்தையிடம் போய், "ஃபாதர், இவள் ரெடி" என்றோம். அவர் அவளிடம் மறைக்கல்விக் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. "உன்னோடு புதுநன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் யார் யார்?" என்று மட்டும் கேட்டார். அவளுக்கு ஒரு பெயரும் தெரியவில்லை.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 914-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயாரிப்பது முதலில் பெற்றோரின் கடமை, கூடவே பங்குத்தந்தையின் கடமை. தகுந்த ஆயத்தம் இல்லாத பிள்ளையை நிறுத்திவைக்கும் பொறுப்பும் அவருடையது. வீட்டுக்கல்விப் பெற்றோர் முதல் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பெரியவள் அந்த வருடம் காத்திருந்து, அடுத்த வருடம் மற்றப் பிள்ளைகளோடு வாங்கினாள். அன்றைக்கு எனக்கு ஃபாதர் மேல் கோபம்தான். இப்போது நடுப்பிள்ளை பீடச்சிறுவனாக இருக்கிறான். அன்பியக் கூட்டம், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு, எங்கள் வீட்டில் நடக்கிற மாதம் பாய் விரிப்பதும் சுண்டல் கொடுப்பதும் பிள்ளைகள் பொறுப்பு. சத்தமாக இருக்கிறது என்று நாங்கள் விட்டுவந்த அந்த மறைக்கல்வி வகுப்பில்தான் அவர்களுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். பள்ளியை விட்டுவிட்ட குடும்பம் பங்கையும் விட்டுவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது நான்கு சுவர்.

இன்னொன்று, வாய்க்கொழுப்பு. என் அத்தை ஒரு கன்னியாஸ்திரி. பல வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். எங்கள் முதல் வருட உற்சாகத்தில் அவர் முன்னாலேயே, "பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் என்று வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது, அத்தை" என்று பெருமையடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதே ஏட்டில் இன்னும் கொஞ்சம் கீழே படிம்மா" என்றார். படித்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை அது. மூன்றாம் எண்ணில் பெற்றோரின் முதலிடம் இருக்கிறது, உண்மை. எட்டாம் எண்ணிலோ, முடிந்த இடத்தில் முடிந்தபோதெல்லாம் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளியில் ஒப்படைக்கும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்று இருக்கிறது. எங்களுக்கு வீட்டுக்கல்வி சரிப்பட்டதற்கு எங்கள் வீட்டுக் காரணங்கள் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பக்கத்து வீட்டுக்காரரை விசுவாசக் குறைச்சல் உள்ளவர் போலப் பார்ப்பது அபத்தம். தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களின் முதல் பட்டதாரி சிஸ்டர்கள் பள்ளியில் படித்தவர்! என் அம்மாவும்தான்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் வீட்டுக்கல்விக்கென்று வரும் பாடப்புத்தகங்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் தயாராவது. அட்டையில் 'கிறிஸ்தவ' என்று போட்டிருந்தால் நமக்கும் பொருந்தும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். நாங்கள் வாங்கினோம், தபால் செலவோடு சேர்த்து ஒரு மாத வாடகை. முதலில் வேதாகமம் இடித்தது. நம் திருவிவிலியத்தில் 73 நூல்கள், அதில் 66. மக்கபேயரும் தோபித்தும் எங்கே என்று பெரியவள் கேட்டாள். பிறகு அறிவியல் இடித்தது. உலகம் தோன்றிச் சில ஆயிரம் வருடம்தான் ஆகிறது, பரிணாமம் என்பது விசுவாசத்துக்கு எதிரி என்கிற தொனியில் பாடம். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் கட்டுரை எழுதி, பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிப்படை போட்ட ஜார்ஜ் லெமேத்தர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. பட்டாணிச் செடியை வைத்து மரபியலைத் தொடங்கிய மெண்டல் ஒரு துறவி. அறிவியல் பாடத்தில் இவர்கள் வரும்போது நம் பிள்ளை விழிக்கக்கூடாது.

அந்தப் புத்தகப் பெட்டியில் புனிதர்களும் இருந்தார்கள், எல்லோரும் பனியில் நடப்பவர்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி பக்கத்தில் இருக்கிறது. 1752 ஜனவரி 14-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் குருவோ துறவியோ இல்லை, மனைவியோடு வாழ்ந்த அரசு ஊழியர். 2022 மே 15-இல் புனிதரானார். அவர் திருநாள் போகி, பொங்கலை ஒட்டியே வரும். அதனால் எங்கள் வீட்டில் கரும்பு வாங்கும் நாளில் அவர் கதையும் சொல்லப்படும். முத்துக்குளித்துறையில் 1540-களில் வேலை செய்த சவேரியார், தன்னிடம் ஜெபம் படித்த பிள்ளைகளை, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். இதைக் கேட்டதிலிருந்து சின்னவன் எனக்கு மறைக்கல்வி எடுக்கிறான். தமிழ்ப் பாடத்துக்கு வீரமாமுனிவர் இருக்கிறார். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு அவர் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொடுத்தால் 'எ'யும் 'ஏ'யும் மறக்காது. இதற்கெல்லாம் தபால் செலவு கிடையாது.

தவக்காலம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகள் என்பதால் நாம் நினைத்ததையெல்லாம் செய்ய வைக்கலாம் என்று தோன்றும். தினமும் சிலுவைப் பாதை, இனிப்பு இல்லை, விளையாட்டு இல்லை என்று நாங்கள் ஒரு வருடம் நாற்பது நாளையும் இறுக்கினோம். உயிர்ப்பு ஞாயிறன்று பிள்ளைகள் விடுதலை நாள் கொண்டாடினார்கள், இயேசுவின் உயிர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம், அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது, 14 வயது முடிந்தவர்களுக்கு. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, 18 நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 வயது முடியும் வரை. சின்னப் பிள்ளைகளுக்குத் தவத்தின் பொருளைச் சொல்லிக்கொடுப்பதே நம் வேலை. இப்போது வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போகிறோம். ஆளுக்கு ஒரு தியாகம், அவரவரே தேர்ந்தெடுப்பது. போன வருடம் நடுப்பிள்ளை தம்பியை அதிகாரம் செய்வதை விட்டுவிடுகிறேன் என்றான். மூன்றாம் நாள் உடைந்தது, நான்காம் நாள் மறுபடி தொடங்கினான்.

கடைசியாகக் காகிதங்கள். பக்தியுள்ள வீடுகள் இதில்தான் கோட்டை விடுகின்றன. 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று மாற்றுச் சான்றிதழ் வாங்காமலேயே பிள்ளையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்விக்கு வெளிப்படையான அனுமதியும் அதில் இல்லை. இந்த நிலைமையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குப் பெரும்பாலான வீட்டுக்கல்விக் குடும்பங்கள் போவது தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு, அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸுக்கு. பத்தாம் வகுப்புக்கு 14 வயதும், பன்னிரண்டுக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு மொழிப்பாடமாவது உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும், தமிழும் எடுக்கலாம். ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை, பதிவு ஐந்து வருடம் செல்லும். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஏப்ரல் தேர்வு சில வருடங்களில் புனித வாரத்தை ஒட்டி வரும், அட்டவணையைப் பார்த்துப் பாடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஞானஸ்நானச் சான்றிதழில் புனிதர் பெயரும் சேர்ந்த மூன்றாவது பெயர் என்று நம் வீடுகளில் சகஜம். பெரியவளுக்கு அப்படித்தான் இருந்தது. விண்ணப்பம் போடும் வாரத்தில் அதைத் திருத்தப் போய் மூன்று முறை அலைந்தேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போதே மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.