அடுக்கு சாண்ட்விச் ஊறிப்போவதும் வழுக்கி விழுவதும்

முதன்முதலாக வீட்டில் செய்த இத்தாலிய அடுக்கு சாண்ட்விச்சை பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால், அடிப்பக்க ரொட்டி பேப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சரி, மிச்சத்தையாவது சாப்பிடலாம் என்று ஒரு கடி கடித்தேன். தக்காளியும் மொசரெல்லா சீஸும் பின்பக்கமாக வழுக்கி மடியில் விழுந்தன. வாங்கிய பொருள் எல்லாமே நல்ல பொருள்தான். அடுக்கிய விதம்தான் காலை வாரிவிட்டது.

பெரும்பாலான தவறுகளுக்கு மூலகாரணம் தண்ணீர். தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கும் புது மொசரெல்லாவிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரண்டையும் நறுக்கிய கையோடு ரொட்டியில் வைத்தால், ரொட்டி பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். மொசரெல்லாவை வில்லைகளாக்கி, சுத்தமான துணியில் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். தக்காளியில் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை வழித்து எடுத்துவிட்டு, லேசாக உப்பு தூவி 15 நிமிடம் விட்டால் தண்ணீர் கசிந்து வெளியே நிற்கும். அதை ஒற்றி எடுத்த பிறகுதான் அடுக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. ஈரமான எதுவும் ரொட்டியைத் தொடக்கூடாது. ரொட்டியின் உள்பக்கம் இரண்டிலும் ஆலிவ் எண்ணெயோ பெஸ்டோவோ (இலையை எண்ணெயோடு அரைத்த இத்தாலியத் துவையல்) தடவி, அதன்மேல் சலாமி, மோர்டடெல்லா போன்ற இத்தாலிய இறைச்சி வில்லைகளை அல்லது கெட்டியான சீஸ் வில்லைகளை இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். அதுதான் ரொட்டிக்குக் குடை. தக்காளி நடுவில் வரட்டும். தக்காளியையும் மொசரெல்லாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டும் வழுக்கும். இடையில் பேசில் (துளசி இனம்) இலையோ அருகுலாக் கீரையோ வைத்தால் பிடிமானம் கிடைக்கும். வினிகரை ரொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. கீரையில் நாலு சொட்டு விட்டுப் பிசறினால் போதும், அதுவும் கடைசி நிமிடத்தில்.

ஊறுவதெல்லாம் தவறு என்றும் சொல்ல முடியாது. சிசிலியிலிருந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடியேறியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முஃபுலெட்டா என்ற சாண்ட்விச்சில், நறுக்கிய ஆலிவ் கலவையின் எண்ணெய் அந்த வட்ட ரொட்டிக்குள் இறங்கினால்தான் ருசியே. எண்ணெய் இறங்கிய ரொட்டி மெத்தென்று இருக்கும், தண்ணீர் இறங்கிய ரொட்டி கூழாகிவிடும். அதனால் ஆலிவை அது ஊறும் உப்புத் தண்ணீரிலிருந்து நன்றாக வடித்துவிட்டு எண்ணெயில் கலக்க வேண்டும்.

ரொட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். மெல்லிய வெள்ளை பிரெட்டுக்கு இத்தாலியில் தனி இடம் உண்டு: ஓரம் வெட்டிய முக்கோண சாண்ட்விச்சான டிராமெட்சினோ, டூரின் நகரத்துச் சரக்கு. அது செய்த உடனே சாப்பிடுவதற்கு. ஐந்தாறு அடுக்கின் கனத்தை அது தாங்காது. சியாபட்டாவோ ஃபொக்காச்சியாவோ (இரண்டும் இத்தாலிய ரொட்டிகள்) தாங்கும். (சியாபட்டா ஏதோ பழங்காலத்து ரொட்டி என்று நினைத்திருந்தேன்; 1982இல்தான் வந்ததாம்.) ஓடு கெட்டியான பெரிய ரொட்டி என்றால், மேல்பாதியின் உள்ளிருக்கும் பஞ்சுப் பகுதியைக் கொஞ்சம் பிய்த்துக் குழியாக்குங்கள். இல்லாவிட்டால் கடிக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் பக்கவாட்டில் பிதுங்கும்.

இறைச்சி வில்லைகளைச் சீட்டுக்கட்டு போலத் தட்டையாக அடுக்குவதும் வேண்டாம். பல்லுக்குத் தோல் மாதிரி இருக்கும், ஒரு கடியில் முழு வில்லையும் உருவிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் தளர்வாக மடித்துப் போடுங்கள். ரொட்டியை ஒட்டிக் குடையாக வைக்கும் வில்லைகள் மட்டும் தட்டையாக இருக்கட்டும். புரோஷூட்டோவை (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சி) பத்து நிமிடம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தால், கொழுப்பு இளகி மணம் வரும்.

அப்புறம் பேராசை. சலாமி உப்பு, ஆலிவ் உப்பு, கேப்பர் (ஊறவைத்த பூமொட்டு) உப்பு, சீஸும் உப்பு. நான்கும் சேர்ந்தால் தண்ணீர்க் குடம் தேட வேண்டியதுதான். இத்தாலியில் ரொட்டிக்குள் மோர்டடெல்லாவை மட்டும் வைத்துக் கொடுத்தாலும் அது முழு பனினோதான், அதாவது முழு சாண்ட்விச்தான். (ஒருமையில் பனினோ, பன்மையில்தான் பனினி. 'ஒரு பனினி' என்பது இத்தாலியர் காதுக்கு இலக்கணப் பிழை. இலக்கணம் எழுதிய பாணினியின் சாயலில் ஒரு பெயருக்கு இந்த நிலைமை!)

சூடாக்குவதாக இருந்தால் தீயைக் குறையுங்கள். பெரிய தீயில் வெளியே கருகும், உள்ளே சீஸ் அசையாது. மேலே கனமான வாணலியை வைத்து, சிறு தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் விடலாம். இலையைச் சூடாக்கிய பிறகு செருகுங்கள், முன்பே வைத்தால் வதங்கிக் கறுத்துவிடும்.

குளிராகச் சாப்பிடும் சாண்ட்விச் என்றால், செய்து முடித்ததும் வெட்டுவதுதான் கடைசித் தவறு. பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, மேலே கனம் வைத்து, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் விடுங்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு பேப்பரைப் பிரிக்காமல், பல் வைத்த கத்தியால் அழுத்தாமல் ரம்பம் போல இழுத்து இழுத்து அறுங்கள். வெட்டிய பாதியைப் பேப்பரோடு கையில் பிடித்தால் எதுவும் மடியில் விழாது.