பிள்ளை பக்கத்தில்தான் நிற்கிறது

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் வீடுகள்தான் இன்னும் நிறுத்தவில்லை. ரிசல்ட் வந்த கையோடு சித்தப்பா பையன் எவ்வளவு, எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் தயாராகிவிடும். "அவளும் உன்னை மாதிரி சோறுதானே சாப்பிடுறா?" என்ற கேள்வியும் கூடவே வரும். ரோஷம் வந்து படிக்கும் என்பது கணக்கு. ரோஷம் வரும்தான், ஆனால் அது பாடத்தின் மேல் போகாமல் அந்தப் பெண்ணின் மேல் போகும். ஒப்பிட்டே தீரவேண்டுமென்றால் பிள்ளையின் போன பரீட்சைத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தப்பாக எனக்குப் படுவது, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைப் பற்றி ஊராரிடம் பேசுவது. விருந்தாளி காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் ஆரம்பித்துவிடுவோம்: "இவனா, இன்னும் ராத்திரி பாயை நனைக்கிறான்." எல்லாரும் சிரிப்பார்கள். பையன் சோபா உறையில் நூலைப் பிய்த்துக்கொண்டிருப்பான். ஐந்து வயதில் நூற்றில் பதினைந்து பிள்ளைகள் வரை படுக்கையை நனைப்பதுண்டு, பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானாக நின்றுவிடும். அவமானம் அப்படி நிற்காது. உறவுக்காரர்களே ஆரம்பித்தாலும் சும்மா இருக்காதீர்கள். பெரியம்மா "என்னடி, இவ இப்படிக் கறுத்துட்டா?" என்றால், "அவ நல்லாத்தான் இருக்கா பெரியம்மா" என்று பிள்ளையின் காதில் விழச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். பெரியம்மா கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

சரி, திட்டாமல் புகழ்ந்துகொண்டே இருந்தால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. க்ளாடியா ம்யூலர், கரோல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். 1998-இல் வெளியான ஆய்வு இது. அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லாருமே தடுமாறினார்கள். பிறகு, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, புத்திசாலிப் பட்டம் பெற்றவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவில் கூட்டிப் போட்டு எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் அப்படிச் செய்தவர்கள் குறைவு. பட்டம் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டிய பாரமும் பிள்ளை தலையில்தான். "அந்த நாலாவது கணக்கை அழித்து அழித்துப் போட்டாயே, அது நல்லா இருந்தது" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் அழுகை. "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று அடக்குவது ஒரு வழி, கையில் செல்போனைத் திணிப்பது இன்னொரு வழி. இரண்டிலும் பிள்ளைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. "பென்சில் பாக்ஸ் தொலைஞ்சது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்தால் போதும், உடனே புதுசு வாங்கித் தர வேண்டியதில்லை. கோபமும் அப்படித்தான். கோபப்படலாம், தங்கையை அடிக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

நாமும் கத்திவிடுகிற நாள் உண்டு. நம் வீடுகளில் அதற்கு மன்னிப்பு என்பது, அரை மணி நேரம் கழித்து "வா, தோசை ஆறுது" என்று கூப்பிடுவதுதான். கூப்பிடுங்கள். தட்டை வைக்கும்போது, "அம்மா கத்தினது தப்பு, உன் மேல தப்பில்லை" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.